மண்சரிவுக்குப் பக்கத்தில் வந்த சொல்

இலங்கையின் மலைப்பகுதியான புளத்கொகுபிட்டியவில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளில் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்பதை இணையத் தொகுப்பொன்றில் தேடிக் காட்டுவேன். அன்று அடைமழை. மண்சரிவுக்கான ‘லேண்ட்ஸ்லைட்’ என்ற சொல்லைத் தட்டினேன். வரிக்கு வரி அதன் அருகே, சரிவுக்கு முன் தோன்றும் அறிகுறியாக, ‘கிராக்ஸ்’ வந்தது.

“கிராக்ஸ்னா வெடிப்புதானே டீச்சர்?” என்று கேட்ட கவிதாவின் முகம் வெளிறியது. “எங்க தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால மண்ணுல நேத்து வெடிப்பு விட்டிருக்குங்க. அம்மாவும் தங்கச்சியும் வீட்டுலதான் இருக்காங்க.”

என் ஃபோனைக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அவளுடைய அம்மா எடுத்தார்.

“எல்லாரையும் கூட்டிக்கிட்டு கோயிலுக்கு ஓடுங்கம்மா!” என்று கவிதா கத்தினாள்.

அன்று மாலை லயத்தின் மேல் மலை சரிந்தது. உள்ளே யாரும் இல்லை.

மழை பெய்ததால்தான் அந்தச் சொல்லை எடுத்தேன். வேறொன்றை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.