உபயம் என்று வெட்டிய பித்தளை

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்பு வெல்வெட்டின் மேல் ஒரு பித்தளைச் சாமான் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். புதிதாக வாங்கிய குத்துவிளக்கு மாதிரிப் பளபளக்கும். சென்ற மாதம் தங்கை மகளுக்கு விண்ணப்பம் வாங்கப் போனபோது அதை மறுபடி பார்த்தேன். நாற்காலி காலியாக இருந்தும் வெளியே வெயிலில் போய் நின்றேன்.

அது என் மேசைக்கு முதலில் வந்தபோது கறுத்துக் கிடந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் அளவு பார்க்கும் வேலை எனக்கு. பேக்கிங்கில் இருந்த நெமிலிச்சேரி அக்கா அதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா ஆவடி மார்க்கெட்டில் வாட்ச் ரிப்பேர் செய்தவர்; அப்போதுதான் காலமாகியிருந்தார். “இத்த மட்டும் யாரையும் தொட உடமாட்டாரு தம்பி. இன்னாத்துக்குனு கேட்டாலும் சொல்லமாட்டாரு. நீ பாத்து சொல்லேன்” என்றார் அக்கா. அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஊசியால் கீறிய ஒரு ‘ப’. அப்பா பெயரின் முதல் எழுத்து. பேசி முடிக்கும்வரை அக்காவின் கட்டைவிரல் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

புத்தகம் போலத் திறக்கும் இரண்டு பித்தளைச் சட்டங்கள், அடியில் கீல், திறப்பை மயிரிழை மயிரிழையாகக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, இரு பக்கமும் கூர்முனை வைத்த எஃகுத் தண்டுகள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திருகின் மரையை அளந்தேன். மில்லிமீட்டர் கணக்கிலும் சேரவில்லை, அங்குலக் கணக்கிலும் சேரவில்லை. பொது அளவுகள் வருமுன் எவனோ ஒருவன் தன் கணக்குக்கு வெட்டிய மரை அது. சாப்பாட்டு மணி அடித்ததே எனக்குக் கேட்கவில்லை. பழைய கடிகாரக் கருவிகளைச் சேகரிக்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவரை இணையத்தில் தேடிப்பிடித்துப் படம் அனுப்பினேன். அடிப்பக்கத்தைக் காட்டச் சொன்னார். ‘ப’வுக்குப் பக்கத்தில் தேய்ந்த நட்சத்திர முத்திரை ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இதற்கு டெப்திங் டூல் என்று பெயர். கடிகாரத்தின் இரண்டு பற்சக்கரங்களை இதில் மாட்டி, பல்லோடு பல் இடறாமல் ஓடும் தூரத்தைக் கண்டுபிடித்து, அதைக் கூர்முனையால் தகட்டில் குறிப்பார்களாம். அந்த நட்சத்திரம் போட்டதை அவர் வாழ்நாளில் இன்னொரு முறைதான் பார்த்திருக்கிறார். அக்காவிடம் சொன்னேன். “அப்போ எங்கப்பா சும்மா ஆளு இல்ல” என்று சிரித்தார்.

மோப்பம் பிடித்து வந்து சேர்ந்தார் எங்கள் மேனேஜர். அடுத்தவன் செய்த வேலையைத் தன்னுடையதென்று வாய் கூசாமல் சொல்லியே மேலே வந்த மனிதர். கல்லூரியில் பழம்பொருள் காட்சி வைக்கிறார்கள், தாளாளர் தனக்கு வேண்டியவர் என்றார். “உங்கப்பா பேரப் போட்டு வெச்சா காலேஜ் பசங்க எல்லாம் பாப்பாங்கம்மா.” அக்கா இரண்டு நாள் யோசித்துத்தான் கொடுத்தார். “அந்த எழுத்து மட்டும் போவக்கூடாது சார். வேற எதுவும் நான் கேக்கல.” மேனேஜர் நெஞ்சில் கை வைத்து, “நீ என் தங்கச்சி மாதிரிம்மா” என்றார். இந்த மாதிரி ஆட்களுக்குத் தங்கைகளுக்குப் பஞ்சமே கிடையாது.

திறப்பு விழாவுக்கு அக்கா பட்டுப்புடவை கட்டி வந்திருந்தார். பெட்டிக்குள் அதைக் கவிழ்த்து, அடிப்பக்கம் மேலே தெரிய வைத்திருந்தார்கள். பஃப் சக்கரத்தில் தேய்த்து மெருகு போட்டுக் கறுப்பையெல்லாம் எடுத்திருந்தார்கள். நட்சத்திரம் இல்லை. ‘ப’ இல்லை. அந்த இடத்தில், பாத்திரக் கடையில் சீர்வரிசைச் சாமானுக்குப் பேர் வெட்டுவார்களே, அதே புள்ளி எழுத்தில் ‘உபயம்’ என்று போட்டு மேனேஜரின் பெயர், படிப்பு, அவர் அப்பாவின் பெயர்கூட. எஃகுத் தண்டுகளின் கூர்முனைகளையும் காணோம். “பசங்க கையக் கிழிச்சுக்கும்னு மழுக்கச் சொல்லிட்டேன்” என்றார் பெருமையாக. சீ, இவரும் ஒரு இன்ஜினியர். கூர் போனால் அந்தக் கருவியில் வேறென்ன இருக்கிறது? அவர் வாயிலிருந்த பன்னீர்ப் பாக்கு வாசனைகூட எனக்கு அன்று நாற்றமாக அடித்தது.

அக்கா பெட்டியைத் திறக்கச் சொன்னார். கையில் எடுத்து, கட்டைவிரலால் அடிப்பக்கத்தை ஒரு முறை தடவினார். இன்னொரு முறை தடவினார். “வயவயன்னு கீது” என்றார். பிறகு என்னிடம் நீட்டி, “இது எங்கப்பாவோடது இல்ல தம்பி” என்றார்.

“அதேதான்க்கா” என்று ஆரம்பித்தேன். மரையைச் சொன்னேன், கீலைச் சொன்னேன். எத்தனை மாதம் தேடிச் சேர்த்த அடையாளங்கள். அக்கா கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டினார். “இல்லப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.

மேனேஜர் அதை என் கையிலிருந்து வாங்கி, விரல் பட்ட இடத்தைக் கைக்குட்டையால் துடைத்து உள்ளே வைத்தார். பெட்டியைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பாத்தியா, அவங்களே சொல்லிட்டாங்க” என்றார், நிம்மதியாக.