சத்து மாத்திரை என்று சொன்ன வாய்

எங்கள் தெருவில் யாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது பால் வாங்கும் இடத்திலேயே தெரிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன் இருநூறு, பின் முந்நூறு என்று, பிள்ளை வாங்கிய மார்க்கைப் போலச் சொல்வார்கள். மூலத்தைப் பற்றிக்கூடப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் விளக்கலாம். அவர் தன்னுடையதைச் சொல்லி ஆறுதல் தருவார். மனசுக்கு மாத்திரை சாப்பிடுவதை மட்டும் சொல்லக்கூடாது. இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் நான் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தேன்.

என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வருடம் கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று ஒரே இரவில் இருபது முறை எழுந்து பார்க்க ஆரம்பித்தாள். சாப்பாடு இறங்கவில்லை, படிப்பும் ஓடவில்லை. புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். மனச்சோர்வுக்குத் தரும் மருந்துதான், இந்த மாதிரி பதற்றத்துக்கும் நன்றாக வேலை செய்யும் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். இரண்டு மாதத்தில் பிள்ளை சிரித்தாள். நல்ல மாத்திரை. அதனால்தான் அதை ஒளித்து வைப்பதில் இன்னும் கவனமாக இருந்தோம்.

புதுச்சேரி போவதற்குத் தெருவில் சொன்ன காரணம் கண் டாக்டர். கண்ணாடி எங்கே என்று கேட்டவர்களுக்கு என் மனைவி வைத்திருந்த பதில்: "கண்ணு நல்லாத்தான் இருக்குதாம். ஆனா மாசாமாசம் வந்து காட்டணுமாம்." மாத்திரையை எங்கள் ஊரான விருத்தாசலத்தில் வாங்கவே மாட்டேன். நெய்வேலிக்குப் போய், சீட்டை மடித்தபடியே கவுண்டரில் தள்ளி, கவரை மடித்தபடியே எடுத்து வருவேன். வீட்டில் மாத்திரைகளைப் பிதுக்கி ஒரு பழைய கால்சியம் டப்பாவில் போட்டுவிடுவோம். காலி அட்டையை நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனிக்கு எடுத்துப் போய், உடைந்த இன்சுலேட்டர் குவியலுக்குள் செருகுவேன். சூப்பர்வைசர் குனிந்து எதையோ செருகினால் யாரும் கேட்பதில்லை.

இப்படி இருக்கையில் மகளுக்குக் கழுத்து வலி வந்தது. புத்தகத்தின் மேலேயே கவிழ்ந்து கிடந்தால் வராதா? ஒரு சனிக்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நேரம் மிச்சம் பிடிப்பதற்காக அடுத்த இரண்டு மூன்று பேரை டாக்டரின் அறைக்குள்ளேயே பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒருவரின் வியாதியை மற்றவர் கேட்டு, வருத்தப்பட்டு, ஆலோசனையும் சொல்லலாம். அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தது எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அம்மா. முட்டி வலி. என் மகளின் ஜாதகத்தைப் பெண்ணாடத்தில் ஒரு நல்ல இடத்தில் கொடுத்திருந்ததும் அவர்தான்.

டாக்டர் கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறியாம்மா?" என்றார்.

மகள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன். "சத்து மாத்திரை மட்டும்தான் சார்."

பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "என்னா சத்து மாத்திர சார்? எங்க வூட்டு பொண்ணுக்கும் முடியா கொட்டுது. பேரு சொன்னீங்கன்னா வாங்கிடுவன்."

"கால்சியம்தாங்க."

டாக்டர் எழுதிக்கொடுத்தார்: வலி மருந்தும், இறுகிய தசையைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்த மாத்திரை. இரவு ஒன்று, காலை ஒன்று. அதை எங்கள் ஊர்க் கடையிலேயே, நாலு பேர் பார்க்க, தலை நிமிர்ந்து வாங்கினேன்.

இரவு அதைப் போட்டதும் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். என் மனைவிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா, எப்புடி தூங்குது! கைராசியான டாக்டரு." காலையில் இட்லிக்குப் பிறகு இரண்டாவது மாத்திரை. "கண்ண கட்டுதுப்பா, வாயெல்லாம் காயுது" என்றாள். ஒரு இட்லி குறைத்துச் சாப்பிட்டால் அப்படித்தான் இருக்கும் என்றேன். நான் எம்.எஸ்சி. படித்தவன்.

பதினோரு மணிக்குக் கட்டிலிலிருந்து எழுந்தவள் நாலு எட்டு வைத்தாள். அப்படியே சரிந்தாள். சத்தமே இல்லை, துணி விழுகிற மாதிரி.

என் மனைவியின் அலறலுக்கு முதலில் ஓடி வந்தது மூன்றாவது வீட்டு அம்மா. "லோ சுகரு!" என்று சர்க்கரை டப்பாவைத் தேடினார். மனைவி கண் பட்டுவிட்டது என்று மிளகாயைத் தேடினாள். நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாடியைத் தேடினேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த அம்மாதான் ஆட்டோவை நிறுத்தினார், கூடவே ஏறியும் கொண்டார். மனைவி வீட்டைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பிரஷரை இரண்டு முறை பார்த்தார். "மேடம், மேல எழுபதுதான் வருது. பல்ஸும் ரொம்ப கம்மி." பெண் டாக்டர் ஒருவர் வந்து சலைன் ஏற்றச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். கழுத்து வலி மாத்திரையின் அட்டையைக் காட்டினேன்.

"ரெண்டு மாத்திரைக்கு இவ்ளோ இறங்காதே. வேற என்ன சாப்பிடறாங்க?"

பக்கத்தில் மூன்றாவது வீட்டு அம்மா என் மகளின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சத்து மாத்திரை..." என்றேன்.

"சார், நல்லா யோசிங்க. வேற எதுவுமே இல்லையா?"

நான் யோசித்தேன். மகளின் உதடு வெளுத்துக் கிடந்தபோது என் புத்தியில் முதலில் வந்தது பெண்ணாடம். இதை எழுதுவதற்கு எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

"மனசுக்கு ஒரு மாத்திரை" என்றேன்.

"பேரு?"

எட்டு மாதமாக வாங்குகிறேன். ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அட்டைகள் எல்லாம் பீங்கான் குவியலுக்குள். போனில் இருந்த போட்டோவையும் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அழித்திருந்தேன். மனைவிக்குப் போன் போட்டு, பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கும் சீட்டை எடுத்துப் படிக்கச் சொன்னேன்.

"பக்கத்துல யாரு இருக்காங்க?" என்றாள் அவள்.

"படிடீ!"

வார்டில் இரைச்சல். டாக்டரே போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார். "ஃப்ளூ... ஃப்ளூவாக்ஸமின்" என்று என் மனைவியின் குரல், இருபது கட்டில்களுக்கும் கேட்கும்படி வந்தது.

டாக்டரின் முகம் மாறியது. "இதையும் அந்தக் கழுத்து மாத்திரையில இருக்கிற டைசனிடினையும் சேத்துக் கொடுக்கவே கூடாது சார். இது இருந்தா அது ஒடம்ப விட்டுப் போவாது, ரத்தத்துல பல மடங்கு ஏறிடும். பிரஷர் விழும், தூக்கமா தள்ளும். கழுத்துக்கு எழுதின டாக்டர்கிட்ட இதச் சொல்லலையா?"

"அப்ப மனசு மாத்திரைய நிறுத்திடலாங்களா?" என்றேன். என் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது எனக்கே கேட்டது.

"அது என்ன பண்ணுச்சு உங்கள? நிறுத்த வேண்டியது கழுத்து மாத்திரைய. மனசு மாத்திரைய, அத எழுதின டாக்டரக் கேக்காம தொடாதீங்க."

மூன்றாவது வீட்டு அம்மா செருப்பைக் கட்டிலுக்கடியில் வைத்தார். "ஏன் சார், எனக்கு எங்க எங்க வீங்குதுன்னு ஊருக்கே தெரியும். இத சொல்றதுக்கு உங்களுக்கு என்னா? நான் வேற கால்சியம் வாங்கி எம் பொண்ணுக்குக் குடுத்துக்கினு இருக்கன்."

சாயங்காலத்துக்குள் பிரஷர் நூறைத் தொட்டது. மறுநாள் வீட்டுக்கு வந்தோம். பெண்ணாடத்திலிருந்து பிறகு போன் வரவில்லை. ஜாதகம் பொருந்தவில்லையா, ஸ்பீக்கர் சத்தம் அதுவரை போய்விட்டதா என்று நான் விசாரிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, சாப்பிடும்போது மகள் சாதாரணமாகச் சொன்னாள். "அன்னிக்கு டாக்டர்கிட்ட நானே சொல்லிடலாம்னுதாம்ப்பா வாயத் தெறந்தன். உங்க மூஞ்சியப் பாத்தன். சரி, வேணாம்னு மூடிக்கினன்."

எலும்பு டாக்டர் தப்புச் செய்தார் என்று அதுவரை தெருவில் இரண்டு பேரிடமாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்டார். அவள் சொல்ல வந்தாள். நடுவில் இருந்தது என் மூஞ்சிதான்.

மாத்திரை இப்போது அட்டையோடு சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அவள் பிரஷர் சரியாக இருக்கிறது. எனக்குத்தான் இன்னும் படபடப்பு அடங்கவில்லை. அவள் எங்கே உட்கார்ந்திருந்து எழுந்தாலும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நானும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

"உக்காருங்கப்பா" என்கிறாள். "தண்ணி குடிக்கத்தான் போறன்."