நெட்டையண்ணனுக்கு வெட்டுன குழி

எங்க துறைமுகத்துல கிரேன் ஓட்டுன நெட்டையண்ணன் அவ்வளவு உசரம். மேல இருக்குற கிரேன் கூண்டுக்குப் போக ஏணியே வேணாம், ஒரு எட்டு வச்சாலே போதும்னு கிண்டல் பண்ணுவோம். கீழ நின்னு சுமைக்குக் கொக்கி மாட்டுறது நானு. கேன்டீன்ல சமைக்கிறது அவரு பொண்டாட்டி. அண்ணி ஒரு அதட்டு போட்டா நங்கூரம் தானா மேல வந்துரும்.

சண்டை நடந்தப்ப ஊருக்குள்ள தெனம் குண்டு விழும். எங்க பக்கம் ஒரு பொடிக்கல்லுகூட விழாது. ஊரைப் புடிச்சதும் தன்னோட கப்பலை நிறுத்தணும்ல, அதுக்கு எதிரிக்குத் துறைமுகம் முழுசா வேணும். அதனால ஊரே விளக்கை அணைச்சுப் பதுங்குகுழியில கெடந்தப்ப, நாங்க கல்யாண வீடு மாதிரி லைட்டைப் போட்டுக்கிட்டு வேலை பாத்தோம். குழின்னு ஒண்ணு வெட்டவே இல்ல.

அப்பதான் ரேடியோவுல சொன்னான். கடலுக்கு அந்தாண்ட இருக்குற பெரிய நாடு நம்மகூட சேந்துருச்சாம். ஆளும் பீரங்கியும் கப்பல் கப்பலா இங்கதான் வந்து எறங்கப் போகுதாம். நாங்க போட்ட கூச்சல்ல கடல்ல இருக்குற மீனெல்லாம் செவிடாயிருக்கும்.

அண்ணி மட்டும் கரண்டியைக் கீழ வச்சுட்டாங்க.

"ஏன் அண்ணி, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"இத்தனை நாளும் எதிரி தனக்கு வேணும்னு விட்டு வச்சான். இனிமே இது நமக்குல்ல ஒதவப் போகுது? கப்பல் வர்றதுக்குள்ள ஒடைக்காம விடுவானா?"

"பாருடா, தளபதியம்மா பேசுறாங்க! நீ சோத்தைக் கவனி"ன்னு அண்ணன் சிரிச்சாரு. மொதக் கப்பல்ல மொதப் பெட்டியை எறக்காம கிரேனை விட்டு நகர மாட்டாராம்.

அண்ணி மண்வெட்டியை எடுத்தாங்க. சமையல் முடிஞ்சதும் கேன்டீனுக்குப் பின்னாடி தனியா நின்னு வெட்டுவாங்க. அவரு காலு நீட்டணுமேன்னு ரொம்ப நீளமா.

"என்ன அண்ணி, கப்பலை இதுக்குள்ளயே கொண்டாரப் போறீங்களா?"

"சிரி சிரி. நீதான் மொத ஆளா ஓடியாருவே."

கப்பல் புகை தெரிஞ்ச அன்னிக்கு, பட்டப்பகல்ல விமானம் வந்துச்சு. சிரிச்ச அத்தனை பேரும் அந்தக் குழியிலதான் விழுந்தோம். மொத ஆளு நானு. அண்ணன் ஏணியில எறங்கிட்டிருந்தாரு. அம்மாம் நீளக் காலை வச்சுக்கிட்டும் பாதிதான் வந்தாரு.

கிரேன் சாஞ்ச சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. தலையில மண்ணு கொட்டக் கொட்ட, அண்ணி ரெண்டு கையாலயும் எங்களை ஒரு ஓரமா நெட்டித் தள்ளுறாங்க.

"தள்ளி உக்காருங்கடா. அவருக்குக் காலு நீட்ட எடம் வேணும்."