பூசைக்கு வைத்த குறடு

அன்றைக்குப் பட்டறையில் இருந்தவர்கள்: அம்மா. சின்னம்மா. அம்மாவுக்கு இங்கிலீஷ் சொல்ல நான். அம்மாவோடு படிக்கும் ஜமைக்காப் பெண்கள் இரண்டு பேர். பரீட்சை வைக்க வந்த வெள்ளைக்காரர். பிறகு வயரிங் பழக்கும் ரீச்சர்.

ரீச்சர் அமெரிக்காவில் பிறந்த கறுப்புப் பெண். அவரின் ஊரில் கறுப்புப் பெண்பிள்ளைகளுக்கு உடுப்புத் தோய்க்கவும் அயர்ன் பண்ணவும்தான் பழக்கினார்களாம். கரண்ட் வேலை பழகக் கேட்ட இடமெல்லாம் இல்லை என்றார்கள். கரண்ட் சாமான் திருத்தும் ஒரு கடையில் கூட்டித் துடைத்துக்கொண்டே பார்த்துப் பழகினார். பட்டாளத்துக்காரரைக் கலியாணம் செய்து லண்டன் வந்தார். அங்கே எட்மண்டனில் பெண்களுக்கு வயரிங் வகுப்புத் தொடங்கினார். அதற்குமுன் அந்தப் பக்கத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. கவுன்சில் கொடுத்த இடம் பழைய லாண்டரி. "கடைசியில் என்னை இங்கேயே கொண்டுவந்து விட்டார்கள்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அம்மாவுக்கு பிஸ்கட் பக்டரியில் இரவு ஷிப்ட். முடித்துவிட்டு நேரே வகுப்பு. ஒரு வருடம் அப்படிப் போனது. பாஸ் பண்ணினால் பகல் வேலை கிடைக்கும், இரவில் படுக்கலாம். வேறு ஆசை அவருக்கு இருக்கவில்லை.

பரீட்சை சரஸ்வதி பூசையன்று வந்தது. என் பள்ளிப் புத்தகங்களோடு அம்மா தன் குறட்டையும் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். வைத்ததை மறுநாள் காலைப் பூசை முடியும்வரை எடுப்பதில்லை. வெறுங்கையோடு போனோம்.

"பல்லாலேயோ அக்கா வயர் கடிக்கப் போறியள்?" என்று பஸ்ஸில் சின்னம்மா கேட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

ரீச்சர் சுவரில் தொங்கிய குறடுகளைக் காட்டினார். அம்மா கையைக் கட்டிக்கொண்டார்.

"தொடேலாது எண்டு சொல்லு பிள்ளை. ஆயுதங்களுக்கு இண்டைக்கு ஓய்வு."

"உங்களுக்கு இல்லையோ அக்கா ஓய்வு?"

"வாயை மூடடி."

நான் சொன்னேன். ரீச்சரின் முகம் இறுகியது.

"தொடக் கூடாது என்று யார் சொன்னது? அப்பாவா?"

"இல்லை. சாமி."

ரீச்சர் என் பக்கம் குனிந்தார். "இதுவரை எனக்கு மனிதர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். "சாமி எப்போது விடும்?"

"நாளைக்குக் காலையில்."

இன்று இல்லாவிட்டால் அடுத்த வருடம்தான் என்றார் வெள்ளைக்காரர். ரீச்சர் தன் பையிலிருந்த பழைய குறட்டை எடுத்து மேசையில் வைத்தார். "அப்படியென்றால் இன்றைக்கு இங்கே ஒருவரும் தொடவில்லை."

"எனக்கும் கால் நோகிறது" என்று ஒரு ஜமைக்காப் பெண் கதிரையில் இருந்துவிட்டார்.

வெள்ளைக்காரர் தன் கோட்டை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு வருகிறேன். ஆனால் இதைக் கவுன்சில் ஆபீசில் சொல்ல வேண்டி வரும்."

"சொல்லுங்கள்" என்றார் ரீச்சர்.

மறுநாள் அம்மா சந்தனப் பொட்டு வைத்த குறட்டோடு வேலை செய்தார். சுவிட்சைப் போட்டதும் பல்ப் எரிந்தது. அம்மா சிரிக்கவில்லை, பக்கத்தில் கிடந்த பெட்டியில் குந்திவிட்டார். சின்னம்மா என் காதுக்குள், "அடுத்த வகுப்புக்கு என்னையும் சேர்க்கச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். ரீச்சர் சின்னம்மாவின் கையைப் பிடித்தார். ஓம், சேர்க்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று நான் யோசிக்கவில்லை. பல்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்மஸுக்கு முன் கவுன்சில்காரர் பட்டறையைப் பூட்டினார்கள். வகுப்பில் ஒழுங்கில்லையாம். அம்மா பகல் வேலைக்குப் போனார். சின்னம்மா பிஸ்கட் பக்டரிக்குப் போனார். ரீச்சருக்கு வேறு எங்கேயாவது இடம் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். "சொல்லுங்கள்" என்ற அந்த ஒரு சொல்லோடு எல்லாம் போனது அப்போது எனக்கு விளங்கவில்லை.

அங்கே பழகி வெளியேறிய பெண்கள், அம்மாவோடு பதினொரு பேர்.