கோலின் மாமா இழுத்துச் சென்ற வீடு

எதைத் தொட்டாலும் கோலின் மாமா விரலை மூக்கருகே கொண்டுபோவார். கதவு நிலை, பஸ் கம்பி, மாதா கோயில் பெஞ்சின் முதுகு எதுவானாலும் கட்டைவிரலால் அழுத்துவார், பிறகு முகர்ந்து பார்ப்பார். ஒரு ஞானஸ்நான வீட்டில் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டும் அதையே செய்தார். என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது தொழிலில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. மரம் உள்ளுக்குள் அழுகியிருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே வாடை காட்டிக் கொடுத்துவிடும்.

அவர் என் அம்மா கெர்ட்ரூடின் தம்பி. தாத்தா அந்தோணிமுத்து சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மாமா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டார். கமுந்திங்கில் லோரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் தொழில் கற்றார். பிறகு ஈப்போவுக்கு வந்து, அங்கே புந்தோங்கில் தான் குடியிருந்த வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்தார். அங்கே அவர் செய்தது ஒரே வேலை. பழைய கேரவன்களைத் தேடிப் பிடித்து, சரிசெய்து, உல்லாச விடுதிகளுக்கு விற்பது.

அணை கட்டவும் நிலம் அளக்கவும் வந்த வெள்ளைக்கார எஞ்சினியர்கள் அந்தக் காலத்தில் கொண்டுவந்த, உள்ளேயே தங்கக்கூடிய இழுவண்டிகள் அவை. போகும்போது விட்டுவிட்டுப் போனார்கள். டுரியான் தோப்புகளிலும் செம்பனைக் காட்டிலும் அவை இன்னும் கிடக்கின்றன. மாமா கோப்பி குடித்தபடியே கைப்பேசியில் வான்படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பச்சைக்கு நடுவே வெள்ளையாக ஒரு நீள்சதுரம் தெரிந்தால் மறுநாள் கிளம்பிவிடுவார்.

பட்டம் வாங்கிவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் நானும் அவரோடு போனேன். கதவைத் திறந்ததும் வரும் அந்தக் காற்றை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. மெத்தைப் பஞ்சைப் பிய்த்து எலிகள் கட்டிய கூடு. தரை முழுக்க வௌவால் எச்சம். ஒரு வண்டியில் கழிப்பறைத் தொட்டி நிறைந்தபடியே இறுகிப்போயிருந்தது. நான் புல்லில் குனிந்து வாந்தி எடுத்தேன். மாமா உள்ளே போய்ச் சட்டத்தை அழுத்தி, விரலை முகர்ந்து, "மரம் நல்லாருக்கு" என்றார். கைத்திறன் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. அலுமினியத் தகட்டைக் கிழியாமல் உரிப்பார். செத்த மரத்தை எடுத்துவிட்டு மெராந்திப் பலகையில் அதே வளைவை வெட்டி வைப்பார். அப்போதெல்லாம் எனக்கு அருவருப்பு அந்த அழுக்கின் மேல்தான் என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து பளபளவென்று நின்ற ஒரு வண்டிதான் என்னை உண்மையில் குமட்டவைத்தது.

அது கலாதேவி அக்காவின் வண்டி. தாத்தா வேலை செய்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் நின்றது. எஞ்சினியர் போன பிறகு தோட்டத்தில் அதை ஒட்டுப்பால் போட்டுவைக்கப் பயன்படுத்தியிருக்கிறார்கள். உறைந்த ரப்பர் பாலின் அழுகல் நாற்றம் மரத்துக்குள் ஏறிவிட்டது. தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் லயத்தில் அக்காவின் வீட்டை இடித்தபோது, அவர் இந்த வண்டியைத் தேய்த்துக் கழுவித் தன் கணவர் அர்ச்சுனனோடு குடியேறினார். நாங்கள் போனபோது கூரையின் உட்புறம் அடுப்புப் புகை படிந்து கன்னங்கரேலென்று இருந்தது.

அங்கே ஏன் குடியிருந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். நிலத்தை வாங்கிய கம்பெனி, கடைசிவரை அங்கேயே இருப்பவர்களுக்கு மட்டும் புது வீடு கட்டித்தர ஒப்புக்கொண்டிருந்தது. ஆளில்லாத இடம் என்று தெரிந்தால் உடனே வேலி போட்டுவிடும். காவல்காரன் தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து எங்கே புகை வருகிறது என்று பார்ப்பான். அதனால் மிச்சமிருந்த குடும்பங்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தன. எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் ஒரு நாள் போகக்கூடாது. யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் பக்கத்து வீட்டார் வந்து அந்த அடுப்பில் வெறும் தண்ணீராவது கொதிக்கவைப்பார்கள்.

வண்டியின் தரை இற்றுப்போயிருந்தது. அர்ச்சுனன் அண்ணனின் கால் ஒருமுறை பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போய், சீனிவியாதிக்காரருக்குப் புண் ஆறவே இல்லை. கட்டுமான இடங்களில் வைக்கிற மாதிரி ஒரு கேபின் செய்து, வண்டி நின்ற அதே இடத்தில் இறக்கித்தருவதாக மாமா சொன்னார். கேபினுக்கு வண்டி என்று பேச்சு முடிந்தது.

"வண்டிய எடுத்துக்க தம்பி. ஆனா எடம் காலியா கெடக்கக் கூடாது. ஒரு பொழுதுகூட" என்றார் அக்கா.

"நானும் தோட்டத்துல பொறந்தவன்தான் அக்கா. எனக்கே பாடமா?"

"அதனாலதான் தரேன். நீ அந்தோணிமுத்து மகன். வேற ஆளா இருந்தா கிட்டவே விட்டிருக்க மாட்டேன்லா."

வண்டியை இழுத்த சனிக்கிழமை எனக்கு பினாங்கில் நேர்முகத்தேர்வு. நான் போகவில்லை. நடந்ததைப் பிறகு மாமா, அக்கா இருவர் வாயிலாகவும் கேட்டேன், இரண்டும் ஒத்துப்போயின. சேற்றிலிருந்து வண்டி வெளியே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கேபின் புந்தோங்கில் தயாராக இருந்தது. கிரேன் லோரிக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஏற்றிவருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமா வேண்டாம் என்றார். ஞாயிறு ஆண்டவருடைய நாள், அவர் ஆணிகூட அடிக்கமாட்டார். திங்கள் வரச் சொன்னார்.

கலாதேவி அக்கா வண்டி நின்ற காலி இடத்தில் மூன்று செங்கல் வைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, சனி இரவு சோறு பொங்கினார். ஞாயிறு விடிந்ததும் மழை. தண்ணீர் அடுப்புக்குள்ளேயே ஓடியது. அர்ச்சுனன் அண்ணனுக்கு நடுக்கம் கண்டதும், அவரைக் கைத்தாங்கலாகப் பக்கத்து வீட்டுத் தினேஸ்வரியிடம் அழைத்துப்போனார். அந்த நேரம் மாமா பாடற்குழுவில் நின்று பாடிக்கொண்டிருந்தார். பூசை முடிந்து எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி சாப்பிட்டார், எலும்பை உறிஞ்சினார். சாயங்காலம் மழை விட்டு அக்கா திரும்பிப் போனபோது செங்கல்லைச் சுற்றி வேலி நின்றது.

திங்கட்கிழமை கேபினைக் கொண்டுபோனபோது காவல்காரன் உள்ளே விடவில்லை. மாமா அதைப் புந்தோங்குக்கே திருப்பிக் கொண்டுவந்து, அதில் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டினார்.

கம்பெனிக்காரர்கள் அக்காவிடம் சொன்னது இதுதான்: நீங்கள் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டீர்கள். அக்கம்பக்கத்தார் சாட்சி எடுபடாது, ஒருவருக்கு ஒருவர் அப்படித்தான் சொல்வீர்கள். வண்டியை எடுத்தவர் வந்து, அது விற்பனை இல்லை, அதே இடத்துக்கு வேறு வீடு வர இருந்தது என்று சொல்லட்டும், பார்க்கலாம்.

அக்கா புந்தோங்குக்கு வந்தார். அப்போது நான் மாமா வீட்டில்தான் இருந்தேன். மாமா அவருக்கு நாற்காலி போட்டு, மைலோ கலக்கிக் கொடுத்து, அடுத்த வாரம் கட்டாயம் வந்து சொல்வதாகச் சத்தியம் செய்தார். பின்னால் பட்டறையில் வண்டியின் கூரைப்பலகை கழற்றிக் கிடந்தது. அக்கா போனதும் மாமா அதை எடுத்து உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தார். அக்காவின் அடுப்புக்கரி கறுப்புத் தூளாக உதிர்ந்து அவர் வியர்வையில் ஒட்டியது. தண்ணீர்க் குழாயைத் திறந்து கால்வாயில் கழுவிவிட்டார்.

வாங்க வந்தவர் ஷான். பூபாலசிங்கம் வக்கீலின் மகன், கோப்பேங் பக்கம் ஆற்றோரத்தில் விடுதி நடத்துகிறார். எலுமிச்சை எண்ணெய் மணந்த அந்த வண்டிக்குள் ஏறி நின்று, திரைச்சீலையைத் தடவிப் பார்த்தார்.

"இதுல யாரும் குடியிருக்கலையே? வர்றவங்க அதைத்தான் முதல்ல கேப்பாங்க."

"சாவி போட்டுப் பூட்டியே கெடந்துச்சு பாஸ். வெள்ளக்காரத் தொர கல்யாணம் முடிச்சு, பொண்டாட்டியோட தங்கின வண்டி."

துரை, மனைவி, தேனிலவு எல்லாம் அந்த நொடியில் அவர் வாயில் முளைத்தவை. ஷான் அதை ஒரு பலகையில் எழுதி விடுதி வாசலில் மாட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு மாமாவால் கம்பெனிக்குப் போய் உண்மையைச் சொல்ல முடியாமல் போயிற்று. சொன்னால் ஷான் காதுக்கு எட்டும். ஏன் போய்ச் சொல்லவில்லை என்று நான் நேராகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அதெல்லாம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்மா. முடிஞ்சு போச்சு."

செய்த பாவத்தை எந்த இடத்தில் சொன்னால் வெளியே போகாதோ அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார். அன்று அவர் கையிலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் வாங்கக்கூட எனக்குக் கூசியது. ஆனால் வாங்கிக் குடித்தேன். மாமா வீட்டில் வேறு எப்படி நடந்துகொள்வது என்று எந்தப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. படித்தவள் என்று வீட்டில் என்னைக் காட்டிப் பேசும்போதெல்லாம், படித்து என்ன செய்தேன் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன அக்டோபரில் மாமா பட்டறையிலேயே மாரடைப்பில் இறந்துபோனார். பழையதைப் புதியதாக்கிய கைகள் என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். ஜனங்கள் அழுதார்கள். அர்ச்சுனன் அண்ணனைத் தினேஸ்வரி வீட்டில் விட்டுவிட்டு, கலாதேவி அக்கா தனியாக வந்திருந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் அம்மாவிடம் வந்து தாழ்ந்த குரலில், "வந்து சொல்றேன்னு சொன்னான்லா" என்றார். அம்மா அவர் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தைத் திணித்தார்.

தோட்டத்தில் மற்றவர்களின் புது வீடுகளுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. அக்காவும் அண்ணனும் தினேஸ்வரி வீட்டு அடுக்களையில் படுத்துக்கொள்கிறார்கள். போன மாதம் அக்காவை அழைத்துக்கொண்டு நான் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். நடந்தது அனைத்தையும் மலாயில் வரிசையாகச் சொன்னேன். அங்கிருந்த இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வண்டியை இழுத்த அன்று நான் அங்கே இருந்தேனா என்றார். இல்லை என்றேன். கேபின் செய்துதருவதாகச் சொன்னவர் வர முடியுமா என்றார். அவர் இறந்துவிட்டார் என்றேன். இளைஞர் அனுதாபம் தெரிவித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே நடைபாதையில் அக்கா காத்து நின்றிருந்தார்.

"நீ சொன்னத எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்ல அக்கா. மாமாதான் சொல்லணுமாம்."

"ஆமா, அவன்தான் சொல்லணும்" என்றார் அக்கா. பஸ் எப்போது என்று கேட்டார்.