அக்கா பூசிய வடக்குச் சுவர்

பத்துப் பேர் படிக்கும்படி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறந்து பழகாதவன். நேரில் ஒருவரிடமும் சொல்ல முடியாமற்போன ஒன்றைக் காகிதத்தில் எழுதிவிடலாமே என்றுதான் உட்கார்ந்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நினைத்தவுடன் கண்ணில் தெரிவது அக்காவின் கையிலிருந்த கூழாங்கல். பாலாற்றில் பொறுக்கியது, கோழி முட்டையைவிடச் சற்றுப் பெரிது. சுண்ணாம்புப் பூச்சு பாதி காய்ந்ததும் அந்தக் கல்லை வைத்து மேலும் கீழுமாக அழுத்தித் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்கச் சுவர் மினுமினுக்கும். அந்த நேரத்தில் கூப்பிட்டால் அவள் காதில் விழாது.

ஆம்பூரில் அவள் கணவர் கட்டிய வீடு அது. மண் சுவர், நாட்டு ஓடு, இரண்டு அறை. ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்தபோது அவர் காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தை இல்லை. கருமாதி முடிந்ததும், குடியாத்தத்தில் தறி வைத்திருந்த அவருடைய அண்ணன் அக்காவை அழைத்துப்போவேன் என்று நின்றார். நல்ல மனிதர்தான். "ஒண்டிப் பொம்பள வூட்டப் பாத்துக்க முடியுமாம்மா? இன்னிக்கு ஓடு சரியும், நாளைக்கு செவுரு இடியும்" என்றார். "நான் பாத்துக்கிறேன் மாமா" என்றாள் அக்கா. அவர் வடக்குச் சுவரைப் போய்ப் பார்த்தார். சாரல் அடிக்கிற பக்கம். பூச்சு உதிர்ந்து உள்ளே மண் தெரிந்தது. "ஐப்பசி மழைக்கு இது நின்னுச்சுன்னா நீ இங்கியே இரு, அப்பறம் நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நிக்கலன்னா எங்ககூட வந்துடணும்." அக்கா சரி என்று தலையாட்டினாள்.

கொத்தனாரை வைத்துச் செய்யலாமே என்று நான் சொன்னேன். "ஆள வெச்சு செஞ்சா, நான் பாத்துக்கிட்டேன்னு ஆவுமாடா?" என்று கேட்டாள். அவளாகவே ஏணி வைத்து ஏறி உடைந்த ஓடுகளை மாற்றினாள். தாலி இழந்தவள் கூரைமேல் நிற்கிறாளே என்று தெருவில் பேசினார்கள், அவள் இறங்கவில்லை. எலி வளைகளில் கண்ணாடித் துண்டைத் திணித்துக் களிமண்ணால் அடைத்தாள். கடைசியாக மீந்தது அந்தச் சுவர்தான். அதற்குச் சுண்ணாம்பு கொண்டுவந்து தருவது என் பொறுப்பு.

நான் அப்போது ஒரு தோல் மண்டியில் பதனிட்ட தோல்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மயிர் கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போடுவார்கள். தொட்டியைக் கழுவும்போது வாரிக் கொட்டுகிற சுண்ணாம்பு, மயிரும் அதுவுமாகப் பின்பக்கம் குவிந்து கிடக்கும். அதில் மணலும் வெல்லத் தண்ணீரும் சேர்த்துப் பூசினால், மயிரே பூச்சைப் பிடித்து நிறுத்திவிடும். எங்கள் ஆட்களின் வீடுகள் பலவும் அப்படிப் பூசியவைதான். சில நாள் வாடை அடிக்கும். அந்த ஊரில் அதை யார் வாடை என்று சொல்வார்கள்?

குவியல்கள் இரண்டு இருந்தன. ஒன்று தொட்டிகளை ஒட்டி. மற்றது தூரத்தில், வேலியோரம். முதல் நாள் தொட்டியருகே கூடையோடு போனேன். "இன்னா முத்திரை, வேலை மாறிடுச்சா? அக்கா கொத்தனாரு, தம்பி சித்தாளா?" என்றான் ஒருவன். இடுப்பளவு சுண்ணாம்பில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கேலி அவ்வளவுதான். இன்னொருவனாக இருந்தால் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டு அள்ளிக்கொண்டு வந்திருப்பான். எனக்குக் காது சுட்டது. வெறுங்கூடையோடு திரும்பிவிட்டேன். மறுநாளிலிருந்து வேலியோரக் குவியலில் அள்ளினேன். அங்கே யாரும் வருவதில்லை. ஏன் வருவதில்லை என்று நான் யோசிக்கவில்லை.

ஆவணி முழுவதும் அக்கா பூசினாள். முடிந்த அன்று பக்கத்து வீட்டுப் பீபியம்மா வந்து சுவரில் கை வைத்துப் பார்த்தார். "கண்ணாடியாட்டம் கீதே! எங்க வூட்டுக்கும் வந்து பூசுடி, பிரியாணி போடுறேன்." "என் கூலி ஜாஸ்தி, உனக்குக் கட்டுப்படி ஆவாது" என்றாள் அக்கா. கணவர் போனபிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புரட்டாசியில் ஒரு தூறல் போட்டது. இரண்டு நாளில் சுவரின் அடியில் வெள்ளையாகப் பஞ்சுபோல ஏதோ பூத்தது. மண்டியில் சுண்ணாம்பு மேஸ்திரியைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். "வேலியோரத்துலயா எடுத்த? அட பேஜாரே! அது அழுவாம இருக்க உப்பு போட்டு ரயில்ல வர்ற தோல் ஊறுன சுண்ணாம்புய்யா. செவுருல பூசுனா ஈரத்த இழுத்துக்கினே இருக்கும், பாளம் பாளமா உழுந்துடும். தொட்டியாண்ட கெடக்கறது உள்ளூர்ப் பச்சத் தோலுது. அத்ததான் வூட்டுக்கு எடுப்பாங்க" என்றார். என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், குரலைத் தணித்துக்கொண்டார். "இப்பவே சொரண்டிட்டு வேற பூசச் சொல்லு. மழைக்கு இன்னும் மூணு வாரம் கீது."

அன்று சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். பீபியம்மா இன்னும் இரண்டு பெண்களை அழைத்துவந்து சுவரைக் காட்டிக்கொண்டிருந்தார். அக்கா துணியால் அந்த வெள்ளையைத் துடைத்தபடி, "புதுச் செவுரு வேர்க்குது" என்று அவர்களிடம் சொன்னாள். அவளுடைய ஒரு மாத உழைப்பைச் சுரண்டிப் போடு என்று நான் எப்படிச் சொல்வேன்? தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மூன்று வாரமும் அப்படியே நினைத்தேன்.

ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் நாள் பூச்சு விழுந்தது. நாலாம் நாள் மண் கரைந்து, ஆள் நுழையும் அளவுக்குச் சுவரில் ஓட்டை விழுந்தது. மழை விட்டதும் குடியாத்தத்துக்காரர் வந்தார். ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். அக்காதான் பேசினாள். "கலவப் பதம் எனக்குப் புடிபடல மாமா. என் கை சரியில்ல." கைகளை விரித்துக் காட்டினாள். விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்ற புண்.

அவள் கை சரியாகத்தான் இருந்தது. அதை அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் நியாயம் தெரிந்தவர்; தப்பு என்னுடையது என்று தெரிந்தால் இன்னொரு மழைவரை பொறுத்திருப்பார். அக்கா என் பக்கம் திரும்பி, "நீ எத்தினி கூடை சுமந்த, பாவம். எல்லாம் வீணாப் போச்சுடா" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

குடியாத்தத்தில் அவளை மரியாதையாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மண் அடுப்பு விரிசல் விட்டால்கூட அவள் களிமண்ணைத் தொடமாட்டாள். வேறு யாரையாவது கூப்பிடுவாள். "என் கைக்கு அது வராது" என்பாள். பத்து வருஷத்துக்குமேல் அங்கே இருந்து, அப்படி நம்பிக்கொண்டே செத்துப்போனாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் போய்ப் பார்த்தேன். ஒரு தடவையும் நான் சொல்லவில்லை.

சுவர் விழுந்ததைப் பார்க்கக் குடியாத்தத்துக்காரர் வந்ததற்கு மறுநாள் மழை இல்லை. காலை ரயிலில் அக்கா அவரோடு குடியாத்தம் போனாள். நான் வேலைக்குப் போனேன்.