செல்வத்தின் போனில் பதினோரு குடும்பம்

சாங்கி விமான நிலையத்தில் நான் இறங்கியபோது சனிக்கிழமை காலை மணி 6.50. திருச்சியிலிருந்து விமானத்தில் நான்கு மணி நேரம். அதற்கு முன் தங்கச்சிமடத்திலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் ஆறரை மணி நேரம். கடலைத் தாண்டிய நேரத்தைவிடத் தரையில் உருண்ட நேரம்தான் அதிகம். இடுப்பு வலித்தது. ஆனாலும் முதல் வெளிநாட்டுப் பயணம் என்பதால் வலியை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வந்ததற்குக் காரணம் இரண்டு. சித்தப்பா மகள் ஸ்டெல்லா ஈசூனில் இருக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் விழா. இது முதல் காரணம்.

இரண்டாவது, ஜெயராணி. நான் தங்கச்சிமடத்தில் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குத் தலைவி. என் பெயர் பிலோமினா. குழுவில் பதினான்கு பேர், அதில் ஜெயராணி ஒருத்தி. மீன் வாங்கி, கூடையில் சுமந்து உச்சிப்புளி வரை போய் விற்பாள். மீன் கூடையோடு பஸ் ஏறுவது என்றால் கண்டக்டரோடு தினமும் ஒரு சண்டை. ஐஸ் பெட்டி கட்டிய பழைய மொபெட் ஒன்று நாற்பத்தையாயிரம் ரூபாய்க்கு வந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போகும் நாள்வரை வைத்திருப்பதாக விற்பவர் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு வாரமே இருந்தது. குழுக் கடனில் அவள் முறை வர இன்னும் எட்டு மாதம். அவள் கணவன் இருதயராஜ் சிங்கப்பூரில் கப்பல் பட்டறைத் தொழிலாளி. போனிலேயே சேமித்து, போனிலேயே கடன் வாங்கும் ஒரு வசதி இருப்பதாகவும், பணம் வந்துவிடும் என்றும் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தபாடில்லை. "நேர்ல பாத்து என்னன்னு கேளுங்கக்கா. உங்களுக்குத்தான் இந்தப் போன் கணக்கெல்லாம் புரியும்" என்று ஜெயராணி என்னை அனுப்பினாள். புரியும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டெல்லா டாக்ஸியோடு வந்திருந்தாள். ஈசூனுக்கு முப்பத்தொரு வெள்ளி. இங்கே டாலரைத் தமிழர்கள் வெள்ளி என்கிறார்கள். ஒரு வெள்ளிக்கு அறுபத்தைந்து ரூபாய் என்று மனசுக்குள் பெருக்கினேன். இரண்டாயிரம்! எங்கள் ஊரில் அந்தக் காசுக்கு ராமநாதபுரம் போய்த் திரும்பலாம். ஸ்டெல்லா கைப்பையைத் திறக்கவே இல்லை. போனை நீட்டினாள், முடிந்தது.

காலை 8.30. அவள் அடுக்கு வீட்டின் கீழேயே காப்பிக்கடை. இங்கே பிராட்டா என்று சொல்லும் பரோட்டா இரண்டு, ஒரு காப்பி, நான்கு வெள்ளி அறுபது காசு. நான் ஆசையாக மாற்றிக்கொண்டு வந்த பத்து வெள்ளி நோட்டை எடுத்தேன்.

"உள்ள வைங்கக்கா. காலையிலயே நோட்ட நீட்டினா அந்த அங்கிள் சில்லற இல்லன்னு மொறைப்பாரு லா" என்றாள் ஸ்டெல்லா. பேச்சின் முடிவில் ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம்.

"வயசானவங்க என்ன பண்ணுவாங்க?"

"அவங்களும் ஸ்கேன் பண்ணுவாங்க. மேல் வீட்டு அம்மாவுக்கு எழுபத்தெட்டு. கம்யூனிட்டி சென்டர்ல கிளாஸ் எடுத்தாங்க, போய்க் கத்துக்கிட்டாங்க. நான் செஞ்சு தரேன்னேன், வேணாம்னுட்டாங்க. ஃபியர்ஸ் லா அவங்க."

நான் சிரித்தேன். அந்த அம்மாளுக்கு வீண் பிடிவாதம் என்றுதான் அப்போது பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை நன்றாக நடந்தது. பையன் வெள்ளைச் சட்டையில் சாஸ் சிந்தாமல் விருந்தை முடித்தது பெரிய சாதனை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

பிற்பகல் 1.20. ஈசூனில் ரயில் ஏறி, நியூட்டனில் மாறி, அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. மொத்தம் நாற்பது நிமிடம், கட்டணம் ஏறக்குறைய இரண்டு வெள்ளி. வெளியே வந்தால் நம் ஆட்கள், நம் ஆட்கள், நம் ஆட்கள். சிராங்கூன் சாலையில் நகைக்கடை வாசலிலும் பூக்கடை வாசலிலும் ஆண்களின் கூட்டம் வழிந்தது. வாரம் ஆறு நாள் வேலை பார்த்தவர்களின் ஒரே விடுமுறை. பணம் அனுப்பும் கடைகளில் வரிசை இருந்தது. ஆனால் நடைபாதை ஓரத்தில் குந்தி, போனைத் தட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்த வரிசையைவிட அதிகம்.

ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு புல்வெளியில் இருதயராஜ் காத்திருந்தார். முப்பத்தெட்டு வயது. கப்பல் பட்டறை இருக்கும் துவாஸிலிருந்து வர ஒன்றேகால் மணி நேரம் ஆனதாம். கூட இன்னொருவர்.

"வாங்கக்கா. சாப்டீங்களா? இவரு செல்வம், அறந்தாங்கி. எங்க ரூம்மேட்" என்றார்.

செல்வம் துண்டை விரித்து உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை. "ஜெயராணி கேக்கச் சொன்னா. கடன் வருமா வராதா?"

இருதயராஜ் போனை எடுத்துக் காட்டினார். அவர் தன் பெயரில் போன மாதம்தான் அந்தச் செயலியில் கணக்குத் திறந்து கடன் கேட்டிருக்கிறார். 'சேமிப்பு வரலாறு இல்லை' என்று பதில் வந்திருந்தது. ஒருவர் தன் பெயரில் ஆறு மாதம் விடாமல் சேமித்தால், சேமிப்பைப்போல ஐந்து மடங்கு கடன், பன்னிரண்டு மாதத் தவணையில் கிடைக்கும். அதுதான் விதி.

"பதினாலு மாசமாச் சேக்குறேன்னு ஜெயராணிகிட்டச் சொன்னீங்களே?"

"சேத்தேன்க்கா. மாசம் பத்து வெள்ளி, ஒரு மாசம் விடல. செல்வம் போன்லதான் போட்டேன்."

டார்மிட்டரி எனும் தொழிலாளர் விடுதியில் அவர்கள் அறைக்குப் பன்னிரண்டு பேர். வேலைகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மார்க்கெட் போவார், இருவர் சமைப்பார்கள், ஒருவர் துணி மெஷினைப் பார்த்துக்கொள்வார். போன் வேலை செல்வத்துக்கு. அவருக்குத்தான் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், அவரிடம்தான் நல்ல போன். சம்பள நாளன்று பதினொரு பேரும் ஆளுக்குப் பத்து வெள்ளியை அவரிடம் கொடுத்துவிட்டு, ஓவர்டைம் அலுப்பில் படுத்துவிடுவார்கள். யார் எவ்வளவு என்று செல்வம் தனியாக எழுதி வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். ஒரு காசு பிசகில்லை.

அதாவது, இருதயராஜ் சேர்த்த நூற்று நாற்பது வெள்ளி பத்திரமாக இருக்கிறது. அவர் பெயரில் இருந்திருந்தால் அதில் ஐந்து மடங்கு எழுநூறு வெள்ளி, மொபெட்டின் விலை அப்படியே கையில் வந்திருக்கும். ஆனால் செயலியின் கண்ணுக்கு அந்த அறையில் சேமிக்கிற ஆள் ஒருவர்தான்.

செல்வம் சிரிப்பும் சங்கடமுமாகச் சொன்னார்: "ஊருக்குப் பணமும் நான்தான்க்கா அனுப்புறேன். பதினோரு பொம்பளைங்க பேருக்கு மாசாமாசம். நான் பதினோரு குடும்பம் வச்சிருக்கேன்னு ஆப்புக்காரன் நெனைச்சிருப்பான். எனக்கு ஐயாயிரம் வெள்ளி கடன் தரேன்னு வாராவாரம் மெசேஜ் வருது, நான் கேக்கவே இல்ல."

பிறகு அவரே, "அதுல எழுநூறு நான் எடுத்து இவருக்குக் கொடுத்துடவா? என்னக்கா சொல்றீங்க?" என்றார்.

இருதயராஜ் என் முகத்தைப் பார்த்தார். ஊரில் ஒரு மொபெட் ஒரு வாரம்தான் நிற்கும். சரி என்று நான் தலையாட்டினால் இன்று மாலையே பணம் போய்விடும்.

"உங்களுக்கு வேலை பெர்மிட் எதுவரைக்கும்?" என்று செல்வத்தைக் கேட்டேன்.

"ஆகஸ்ட்ல முடியுதுக்கா. ஊருக்குப் போயிடுவேன்."

"கடன் பன்னெண்டு மாசத் தவணை. நீங்க ரெண்டு மாசத்துல கெளம்புறீங்க. இவரு ஒரு மாசம் கட்டலைன்னாலும் உங்க பேருதான் கெடும். அடுத்த ஆள் பேர்ல கடன் எடுக்கவும் கூடாது, எடுக்க விடவும் கூடாது. எங்க குழுவுல சேர்ற அன்னைக்கே நான் சொல்லிக் குடுக்கிற முதல் பாடம் இது. அவங்கவங்க சேமிப்பு அவங்கவங்க பேர்ல இருக்கணும்." குழுக்கூட்டத்தில் பேசுகிற குரல் எனக்குத் தானாக வந்துவிட்டது. பக்கத்துத் துண்டில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வம் மரியாதையாகக் கேட்டார்: "உங்க ஊர்லயும் இப்ப போன்லதான சேமிக்கிறாங்க? அவங்கவங்க போன்லயே போட்டுருவாங்களாக்கா?"

"இல்ல, அவங்களுக்கு ஏது நல்ல போன்? பதினாலு பேருக்கும் நான்தான் என் போன்ல..." என்று ஆரம்பித்தேன்.

மூன்று வருடமாகப் பதிமூன்று பெண்கள் வாரம் ஐம்பது ரூபாயை என் கையில் கொடுக்கிறார்கள். நான் என் செயலியில் போடுகிறேன். நோட்டுப் புத்தகத்தில் பெயர் பெயராக எழுதியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. 'எங்கள் குழுவில் யாருக்கும் அலைச்சல் இல்லை' என்று கூட்டங்களில் சொல்லிக்கொள்வேன். ஏப்ரலில் எனக்கும் ஒரு செய்தி வந்தது, நாற்பதாயிரம் ரூபாய் கடன் தயார் என்று. ஒரு படிவம் இல்லை, ஒரு கையெழுத்து இல்லை. என் நாணயத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தேன். அந்தப் பணத்தில்தான் விமான டிக்கெட், விசா, ஸ்டெல்லா மகனுக்குத் தங்க மோதிரம். ஜெயராணி தன் பெயரில் போட்டிருந்தால் அவளே கடன் கேட்டிருக்கலாம். இந்த மனிதரிடம் கேட்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. பதிமூன்று பேர் சேமிப்பின் மேல் ஏறி உட்கார்ந்து நான் சிங்கப்பூர் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்கமாக இருந்தது. அதை அவர்களிடம் சொல்லியும் விட்டேன். செல்வம் தலையைக் குனிந்துகொண்டு, "நம்ம ரெண்டு பேரும் ஒரே வேலைதான் பாத்திருக்கோம்க்கா" என்றார். குத்திக்காட்டவில்லை. ஆறுதலாகத்தான் சொன்னார்.

மாலை 4.10. அந்தப் புல்வெளியிலேயே இருதயராஜ் தன் போனில், தன் பெயரில், தன் விரலால் முதல் பத்து வெள்ளியைப் போட்டார். எழுத்துக் கூட்டிக் கூட்டி ஆங்கிலத்தை வாசித்தார், கால் மணி நேரம் ஆனது. செல்வம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாரே தவிர, போனைத் தொடவில்லை. "மத்த பத்துப் பேரையும் ராத்திரிக்குள்ள உக்கார வச்சிடுறேன்" என்றார். மொபெட்டுக்கு அது எந்த விதத்திலும் உதவாது என்பது மூவருக்கும் தெரியும். கடன் கேட்க இன்னும் ஆறு மாதம் ஆகும்.

"ஜெயராணிகிட்ட நான் சொல்லட்டுமாக்கா?" என்றார் இருதயராஜ்.

"உங்களோடத நீங்க சொல்லுங்க. என்னோடத நான் சொல்லிக்கிறேன்."

திங்கட்கிழமை ஸ்டெல்லா என்னைக் கடற்கரைப் பூங்காவுக்கும் பெரிய கண்ணாடிக் கட்டடங்களுக்கும் அழைத்துப் போனாள். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. நுழைவுச் சீட்டின் விலையைப் பார்க்கும்போதெல்லாம் அதைப் பதிமூன்றால் வகுத்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை 9.30, மீண்டும் சாங்கி. பெட்டியை ஒப்படைத்துவிட்டு, கடைசியாக ஜெயராணிக்குப் போன் செய்தேன். ஊரில் மணி ஏழு. பின்னால் குழாயடிச் சத்தம் கேட்டது.

"அவுக சொல்லிட்டாகக்கா" என்றாள். "போன்ல ரூம்காரர் பேரு இருந்துச்சாம்ல. சரி, விடுங்க. பாவம், தெரியாமச் செஞ்சது."

"ஜெயா, இன்னொண்ணு இருக்கு. நம்ம குழுச் சேமிப்பும் அப்படித்தான். மூணு வருசமா நீ போட்டதெல்லாம் என் பேர்லதான் நிக்குது. காசு பத்திரமா இருக்கு. ஆனா உனக்குக் கெடைக்க வேண்டிய கடன் எனக்குக் கெடைச்சுச்சு. அதுலதான் டிக்கெட்டு எடுத்தேன்."

அவள் குடத்தைக் கீழே இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப என் பேர்ல ஒண்ணுமே இல்லையாக்கா?"

"இல்ல ஜெயா. வந்ததும் முதல் வேலையா எல்லாரு சேமிப்பையும் அவங்கவங்க பேர்ல ஏத்திருவேன். ஆனா மொபெட் போயிரும்."

"போகட்டும். பஸ்லயே போறேன்" என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. வழக்கம்போல விசாரித்தாள்: "சிங்கப்பூரு எப்படிக்கா? எல்லாம் சுத்திப் பாத்தீகளா? நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு ஜெயா" என்றேன்.